பெண் இல்லாத கல்யாணம்

நான் எம்.ஏ. வரலாறு படித்தவள். எங்கள் ஊரில் இதைச் சொன்னால், சரி, இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். திருப்பூரில் எதைப் படித்தாலும் கடைசியில் பனியன்தான். வேதியியல் படித்தவர் சாயப்பட்டறையில் இருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. தமிழ் இலக்கியம் படித்தவர் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். நான் பெருமாநல்லூர் ரோட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுப் பையர் சொல்வதை முதலாளிக்கும், முதலாளி சொல்வதைப் பையருக்கும் எடுத்துச் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் உத்தியோகம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் டான்ஸ் நடக்கும். அதே சினிமாப் பாட்டு, அதே கறுப்புக் கண்ணாடி, அதே இடத்தில் அதே ஆள் தடுக்கி விழுவார். பார்த்துப் பார்த்து எனக்குக் கடுப்பாகிவிட்டது. இந்த வருஷம் நாடகம் போடலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். முதலாளி நல்ல மனிதர், எதற்கும் சரி என்று சொல்லிவிடுவார். அதற்கும் சரி என்றார். அந்தச் சரிதான் அவருடைய நோய் என்பது போகப் போகத் தெரியும்.

நாடகத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கதை, வெள்ளைக்காரன் வந்து நம் தறிகள் எப்படி ஓய்ந்தன என்பது. எம்.ஏ.வில் நான் உயிரைக் கொடுத்து எழுதிய கட்டுரை அது. அதைப் பற்றி அதன்பிறகு ஒரு மனுஷர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சுருக்கம் இவ்வளவுதான். இங்கிலாந்தில் மில் மெஷின் வந்துவிட்டது. மெஷினுக்குத் தூக்கம் கிடையாது, தின்னப் பஞ்சு வேண்டும். தின்றுவிட்டு அது மலைமலையாகத் துணி தள்ளும், அதை வாங்க ஆள் வேண்டும். பஞ்சும் நம்மிடம் இருந்தது, ஆளும் நம்மிடம் இருந்தார்கள். வியாபாரத்துக்கு வந்தவன் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள ஆட்சியைப் பிடித்தான், வரி போட்டான், ரயில் விட்டான். அந்த ரயிலில் பஞ்சு போனது, துணி வந்தது. நடுவில் நம் நெசவாளி வெறுந்தறியோடு நின்றார்.

வெள்ளைக்காரத் துரையாக நடிக்க அயர்னிங்கில் இருந்த பீகார்க்காரர் முன்வந்தார். நல்ல உயரம், நல்ல குரல். அவர் தமிழ் கற்றுக்கொண்டது முழுக்க எங்கள் கம்பெனியில்தான். அதனால் அவருக்குக் கொங்குத் தமிழைத் தவிர வேறு தமிழ் இருப்பதே தெரியாது. ஒத்திகையில் நெசவாளியைப் பார்த்துக் கண்ணை உருட்டி, "பஞ்சையெல்லாம் வண்டீல ஏத்தோணுமுங்க, இல்லீன்னா வெட்டிப்போடுவோமுங்க" என்றார். ஊரைப் பிடிக்க வந்தவன் அப்படிப் பேசமாட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். மரியாதை இல்லாமல் எப்படிப் பேசுவது என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நெசவாளியாகக் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஒல்லி, பார்த்தாலே பரிதாபமாக இருக்கும். உடைப் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். அங்கேதான் வினை வந்தது.

பூஜைக்குச் சில நாள் முன்னால் பையரிடமிருந்து மெயில் வந்தது. மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர்க்காரர், எங்கள் பெரிய ஆர்டர் அவருடையதுதான். நேரில் வருகிறாராம். தீபாவளி கழித்துப் போகவேண்டிய ஷிப்மெண்டைத் தீபாவளிக்கு முன்பே அனுப்ப வேண்டுமாம், அதைப் பேசி முடிக்க வருகிறாராம். போன வருஷமும் இதே கதை. முதலாளி சரி என்று சொல்லிவிட்டார். ராத்திரி பகலாக மெஷின் ஓடி, எங்கள் ஆட்கள் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போய் இறங்கியபோது தீபாவளி முடிந்து, வாசலில் வெடித்த காகிதம்தான் கிடந்தது. கட்டிங் மாஸ்டரின் மகள் அப்பாவிடம் இரண்டு நாள் பேசவில்லையாம். இந்த வருஷமும் சரி என்றால் அதேதான். முதலாளியிடம் சொன்னேன். முடியாது என்றால் வேறு நாட்டுக்குப் போய்விடுவார் என்று முதலாளி முகத்தைத் தடவிக்கொண்டார்.

பையர் வந்து இறங்கிய நாள் சரியாக ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டி, பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தோம். மனிதர் ரொம்ப சந்தோஷமாகிவிட்டார். நெற்றியில் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, பொரியை அள்ளித் தின்றுகொண்டு, மேடையைக் கண்டதும் என்ன நிகழ்ச்சி என்று கேட்டார். நாடகம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பார்த்தே தீருவேன் என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளிக்கு அப்போதுதான் கதை ஞாபகம் வந்தது. என்னைத் தண்ணீர்க் கேன் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அம்மிணி, இது வெள்ளக்காரன் கதைன்னு அந்தாளுக்குத் தெரிஞ்சா ஆர்டரு போச்சுங்க. ஏதோ கல்யாணக் கதைன்னு சொல்லிப்போடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் எழுதிய நாடகத்தை என் வாயாலேயே கல்யாணம் என்பதா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. போய்ப் பையருக்கும் முதலாளிக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

முதல் காட்சியில் துரை தராசோடு வந்து பஞ்சை நிறுத்தார். மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையை எடை போடுகிறார்கள் என்றேன். கண்டிப்பானவர்கள்போல என்று பையர் தலையாட்டினார். அடுத்து அட்டையில் செய்த ரயில், செக்கிங் பெண்கள் வரிசையாகத் தோளைப் பிடித்துக்கொண்டு கூவியபடி வந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு என்றேன். துணி மூட்டை வந்தது. முகூர்த்தப் பட்டு என்றேன். பொய் சொல்லச் சொல்ல எனக்கே ருசி கண்டுவிட்டது. நெசவாளி வெறுந்தறியைக் கட்டிக்கொண்டு அழுதார். பெண்ணைப் பெற்ற அப்பா, பிரிவைத் தாங்க முடியவில்லை என்றேன். பையர் உச்சுக் கொட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, எல்லாம் சரி, பெண் எங்கே என்று கேட்டார்.

வருவாள் என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கிருந்து வருவாள்?

கடைசிக் காட்சிக்குத் துரையின் சிப்பாய்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமன்மார் என்றேன். சிவப்புக் கோட்டு வேண்டும் என்று நான் கட்டிங் மாஸ்டரிடம் சொல்லியிருந்தேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. எங்கும் வாங்கவில்லை. குடோனில் கலர் மாறிப்போய் ரிஜெக்ட் ஆகிக் கிடந்த சிவப்பு ஸ்வெட்ஷர்ட்டுகளை எடுத்து மாட்டிவிட்டிருக்கிறார். அத்தனை சிப்பாய்களின் நெஞ்சிலும் கொட்டை எழுத்தில் பையருடைய கம்பெனிப் பெயர். ரிஜெக்ட் பீஸ் ஃபேக்டரியை விட்டு வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தம். வெளியே போகவில்லையே, உள்ளேதானே இருந்தது என்று மாஸ்டர் பிற்பாடு என்னிடம் வாதாடினார்.

பையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மாப்பிள்ளையின் மாமன்மார் எல்லோரும் ஏன் என் சட்டையைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார்.

காட்சி முடியட்டும், சொல்கிறேன் என்றேன். மேடையில் துரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சு வேணுமுங்க, வரி வேணுமுங்க, எங்கள் துணியைத்தான் வாங்கோணுமுங்க. கட்டிங் மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் குனிந்து "சரிங்க, சரிங்க" என்றார். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். ஆனால் கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. பின்வரிசையில் செக்கிங் அக்கா ஒருத்தர் எழுந்து, "முடியாதுன்னு சொல்லுங்கண்ணா" என்றார். ஒருத்தர் ஆரம்பித்ததும் ஹாலே சேர்ந்துகொண்டது. தையல்காரர்கள் விசிலடித்து, முடியாதுன்னு சொல்லு, முடியாதுன்னு சொல்லு என்று தரையைத் தட்டினார்கள். மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் பொரித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

என்ன கத்துகிறார்கள் என்று பையர் கேட்டார். என்னிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இருந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் இனிப் பொய் சொல்ல மனசு வந்திருக்காது. இது கல்யாணம் இல்லை என்றேன். இது உங்கள் ஊர் மில்லுக்கும் எங்கள் ஊர்த் தறிக்கும் நடந்த கதை, அந்த மனிதரை முடியாது என்று சொல்லச் சொல்கிறார்கள், சட்டை மட்டும் தற்செயல், நாடகம் எழுதியது நான் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். முதலாளிக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் கல்யாணத்துக்கு இவ்வளவு நீளமான விளக்கம் ஆகாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பையர் மேடையைப் பார்த்தார், சிப்பாய்களின் நெஞ்சைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்துவிட்டு, தன் அம்மாவின் பாட்டி அப்படி ஒரு மில்லில் வேலை பார்த்தவர் என்றார். அங்கேயும் மெஷின்தான் முதலாளியாம், மனுஷர்கள் அதன் பின்னால் ஓட வேண்டுமாம். தங்கள் பள்ளிக்கூடப் பாடத்தில் மெஷினைக் கண்டுபிடித்தவர் பெயர் வரும், பஞ்சு எங்கிருந்து வந்தது என்று வராது என்றார். நாடகம் முடிந்ததும் அவர்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எம்.ஏ. வீண் போகவில்லை என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் ஒரே ஒரு மெஷினை ஓட்டி வைத்துவிட்டு, ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தோம். பையர் லேப்டாப்பைத் திறந்தார். நாடகம் அற்புதம் என்று இன்னொரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு, அதே முகத்தோடு, ஷிப்மெண்ட் தீபாவளிக்கு முன்னால் வேண்டும் என்றார். கைதட்டியவரும் அவரேதான், தேதி கேட்பவரும் அவரேதான். அவருக்கும் மேலே யாரோ ஒருவர் தேதி கேட்டுக்கொண்டிருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். முதலாளியின் வாயிலிருந்து வரப்போகும் 'சரிங்க'வுக்கு ஆங்கிலத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலாளி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கட்டிங் மாஸ்டர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்றைய பவுடர் காதோரத்தில் இன்னும் போகவில்லை.

"இல்லீங்க, முடியாதுங்க" என்றார் முதலாளி. "எங்காளுங்க தீபாவளிக்கு ஊருக்குப் போவோணும். பழைய தேதிதானுங்க. அது ஆவாதுன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பையர் என்னையே பார்த்தார். "அவர் அப்படியேதான் சொன்னாரா, இல்லை, இதுவும் கல்யாணமா?" என்று கேட்டார்.

இல்லை, இது சொன்னது சொன்னபடி என்றேன். அவர் லேப்டாப்பில் தேதிகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு பழைய தேதியையே போட்டு, கையை நீட்டினார். சிவப்பு ஸ்வெட்ஷர்ட்டில் ஒன்றைத் தனக்குத் தர முடியுமா என்றும் கேட்டார்.

அவரைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் முதலாளி எனக்கும் சேர்த்து டீ சொன்னார். கை துடைத்த கர்ச்சீப் நனைந்திருந்தது. பாதி டீ குடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"ஏனுங்க அம்மிணி, நேத்து பொண்ணு எங்கன்னு அந்தாளு கேட்டானே. மறுக்காக் கேட்டிருந்தா யாரக் காட்டியிருப்பீங்க?"

சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்றேன். அட, சொல்லுங்க என்றார்.

"நேத்து வரைக்கும் நீங்கதானுங்ணா பொண்ணு. யாரு என்ன கேட்டாலும் தலயக் குனிஞ்சு சரிங்கன்னீங்க."

முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார். போச்சு, என் வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து ஒரு தாளில் தீபாவளி லீவு நாட்களை எழுதி என்னிடம் நீட்டினார். தன் மனசு மாறுவதற்குள் ஓடிப்போய் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடச் சொன்னார். நான் ஓடினேன்.