புல் பறித்தால் வேலை, பந்து உதைத்தால் விளையாட்டு

போன வருடம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை என்னை பேஸ்பால் பார்க்கக் கூட்டிப் போனார். எழுபதைத் தாண்டிய மாமியாரை எங்கே கூட்டிப் போவது என்று அவருக்கும் குழப்பம்தான். கோயிலுக்கு இரண்டு முறை போயாகிவிட்டது, கடைத்தெருவும் அலுத்துவிட்டது. சரி, இதையும்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் பந்தை எறிகிறான், இன்னொருவன் கட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறான், மற்றவர்கள் எல்லாம் கடலைக்காட்டில் காக்கை ஓட்ட நிற்பவர்களைப் போல ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்த ருசி எனக்கும் பிடிபட்டது. ஒன்றும் நடக்காமலே நேரம் போகிறது. போகப் போக நமக்கு நெஞ்சு படபடக்கிறது. சட்டென்று ஒரு சத்தம், பந்து வானத்தில். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவர் என் தோளைத் தட்டுகிறார், நானும் எழுந்து நின்று கத்துகிறேன். எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையின் காட்டில் விளைவதைப் போலவே தோலோடு வறுத்த கடலையை வேறு பொட்டலம் போட்டு விற்றார்கள். எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பாதி ஆட்டத்தில் பந்து எறிபவன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். அவனைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனார்கள். மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. எனக்கு மனசு கேட்கவில்லை. "ஐயோ, இனி அவன் பொழப்பு?" என்றேன்.

"அவருக்கொன்னும் கவலையில்லீங்க அத்தை. காண்ட்ராக்ட் இருக்குதுங்க. இனி ஒரு பந்துகூட எறியலீன்னாலும் அது முடியற வரைக்கும் சம்பளம் வந்துரும்."

"வெளையாடறப்ப அடிபட்டாலுமா?"

"வெளையாடறதுதானுங்களே அத்தை அவரு வேலை?"

மாப்பிள்ளை சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதற்குப் பிறகு ஆட்டத்தில் மனசு போகவில்லை. எழுபதுகளில் மூணாறு மலையில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. சொன்ன ஒரே ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போது நான் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விவசாயக் குடும்பத்துப் பெண் நர்ஸ் படித்ததே எங்கள் ஊரில் பெரிய பேச்சு. மலைக்கு வேலைக்குப் போகிறாள் என்றதும் அந்தப் பேச்சு இரண்டு மடங்காகிவிட்டது. ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, சில கட்டில்கள், கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான டாக்டர், நான். எந்த அறையில் நின்றாலும் நீலகிரித் தைலத்தின் வாசனை வரும். அதில் பாதியைக் கொட்டித் தீர்த்தது பந்து விளையாடுகிறவர்களின் கால்களுக்குத்தான்.

அந்த நாளில் மலையில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் கால்பந்து. மழை விட்டதும் போட்டி தொடங்கிவிடும். கேடயம் எந்த எஸ்டேட்டுக்குப் போகிறதோ அந்த எஸ்டேட் துரை கிளப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். வெள்ளைக்காரர்கள் போய்விட்டாலும் மேனேஜரைத் துரை என்று கூப்பிடும் வழக்கம் போகவில்லை. எங்கள் துரைக்குத் தமிழ் நன்றாக வரும். போடியில் ஒரு போட்டியைப் பார்க்கப் போனவர், அங்கே இடது பக்கம் ஆடிக்கொண்டிருந்த ஒருவரைக் கையோடு கூட்டி வந்தார். அவர்தான் தங்கராசு.

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை என்று தங்கராசுவைப் பதிந்தார்கள். ஆனால் போட்டிக் காலத்தில் அவரை அந்த மாடியில் யாரும் பார்த்ததில்லை. காலையில் ஓட்டம், சாயங்காலம் பயிற்சி. அதற்கும் முழுநாள் கூலி. துரை வீட்டிலிருந்து முட்டைகூட வரும். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. எல்லா எஸ்டேட்டிலும் இப்படித்தான். வந்த மறு வருடமே எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் செல்லக்கனியை அவர் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம், வாய் கொஞ்சம் நீளம்.

ஊருக்குப் போனபோது இந்த அதிசயத்தை என் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "பந்தை ஒதைக்கறதுக்கு ஒருத்தனுக்குக் கூலி குடுக்கறாங்களா? ஏனம்மிணி, காட்டுல களை வெட்டறவனுக்கு அந்தக் கூலியக் குடுத்தா ஆகாதா?" அப்பா மட்டுமல்ல, அன்றைக்கு யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பார்ப்பதற்கு எல்லோருக்கும் விளையாட்டு வேண்டும். விளையாடுகிறவன் மட்டும் வேலைவெட்டி இல்லாதவன்.

கால்பந்தில் எனக்கிருந்த ஞானத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலுதவிப் பெட்டியோடு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்வதும் என் வேலை. முதல் நாள், கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பவரைக் காட்டி, "அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையா டாக்டர், ஓடாமலே நிற்கிறாரே?" என்று அக்கறையாகக் கேட்டேன். டாக்டர் வருடக் கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் தங்கராசு ஆடியதை ரசிக்க ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. பந்து அவர் காலுக்கு வந்ததும் மேட்டுச் சரிவில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார்கள். வாரம் முழுக்கக் குனிந்து கிடந்த முதுகுகள் அத்தனையும் அந்த நேரத்தில் நிமிர்ந்திருக்கும். கால் சுளுக்குக்குக் கட்டுப் போடும்போது ஒரு தடவை, "இதில் அப்படி என்னதான் இருக்கு தங்கராசு?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்:

"பந்து கால்ல இருக்கும்போது எனக்கு யாரும் உத்தரவு போட முடியாது நர்சம்மா. எங்க போவேன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். தொரையும் வேடிக்கதான் பாக்கணும்."

ஒரு வருடம் இறுதிப் போட்டியன்று காலையில் தூறல். மைதானம் வழுக்கியது. இடது ஓரமாகப் பந்தைக் கொண்டு போன தங்கராசு, நடுவில் ஓடி வந்தவருக்கு அதைத் தட்டிவிட்ட அதே நொடியில் எதிரணிக்காரர் சறுக்கி வந்து மோதினார். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே கேட்டது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கும் சத்தம். நானும் டாக்டரும் ஓடினோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கால் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது சரிவே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல். வேர்த்து வெளுத்துப் போயிருந்த முகத்தைத் திருப்பி அவர் கேட்டார்: "கோலா நர்சம்மா?"

கோல்தான். அவர் தட்டிவிட்ட பந்துதான். கேடயம் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தது. துரை தன் ஜீப்பிலேயே அவரைக் கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். போகும்போது தோளில் கை வைத்து, "எஸ்டேட் உன்னை மறக்காது" என்றார். நானே என் காதால் கேட்டேன்.

எஸ்டேட் மறந்துவிட்டது. கேடயத்துக்குப் பூசிய பாலீஷ் மங்குவதற்குள் மறந்துவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, நெடுநேரம் நிற்க முடியாது. வேலையில் பட்ட காயத்துக்கு உண்டான கூலியைக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதி அனுப்பினார். ஆபீசிலிருந்து ஆள் வந்து வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார்: "விளையாட்டு வேலையில் சேராது டாக்டர்." அதோடு விட்டார்களா? மாடியில் நின்று வேலை செய்ய முடியாதவருக்கு எஸ்டேட்டில் இடமில்லை என்று தங்கராசுவை நிறுத்தியும் விட்டார்கள். யூனியன்காரரிடம் போனால், "களியில பட்ட அடிக்குக் கேஸ் நிக்காது" என்று அவர் மலையாளமும் தமிழுமாகக் கையை விரித்தார். களி என்றால் விளையாட்டு. கேடயம் கிடைத்ததும் ஊர்வலம் போனபோது முன்வரிசையில் நின்றவர் இதே மனிதர்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எழுதும்போது எரிகிறது.

ஒருநாள் காலையில் செல்லக்கனி வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் துரையை மறித்துக்கொண்டு நின்றாள். காலின் நிலையைச் சொல்வதற்காக டாக்டர் என்னையும் கூட்டிப் போயிருந்தார். பின்னால் அவளோடு கொழுந்து பறிக்கும் பெண்கள் நின்றார்கள்.

துரை பொறுமையாகத்தான் பேசினார். "இங்கே பாரு செல்லக்கனி. வேலை வேற, விளையாட்டு வேற. அவன் ஆசைக்கு விளையாடினான். கால் போனதுக்குக் கம்பெனி என்ன செய்யும்?"

"போட்டிக்கு முந்தி எங்களக் கூப்பிட்டு கிரவுண்டுல புல்லு பறிக்கச் சொன்னியள்லா தொரை?"

"ஆமா."

"அதுக்கு எங்களுக்கு முழுநாள் கூலி போட்டியளா இல்லியா?"

"போட்டோம். அது வேலை."

"புல்லப் பறிச்ச நான் வேலை செஞ்சேன். அந்தப் புல்லு மேல ஓடிக் கால ஒடிச்சுக்கிட்டவரு வேலை செய்யலியா? இது என்ன நியாயம் தொரை?"

டாக்டர் என்னைப் பார்த்தார். இதற்கு மேல் எந்த வக்கீல் என்ன பேசிவிட முடியும்? துரை சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். "நல்லாப் பேசுறியே" என்று, கிளி பேசியதைக் கேட்டவர் மாதிரி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வருடம் மழை விட்டது. மைதானத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல். வழக்கம்போலப் பெண்களை அங்கே போகச் சொன்னார்கள். யாரும் போகவில்லை. வேலைநிறுத்தம் ஒன்றும் செய்யவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு நேராகத் தேயிலைக்குள் இறங்கிவிட்டார்கள்.

"வெளையாட்டு வேலையில சேராதுன்னு நீங்கதான சொன்னிய? நாங்க வேலைக்கு வந்தவுக. கொழுந்துதான் பறிப்போம்" என்றாள் செல்லக்கனி, கூப்பிட வந்த ஆபீஸ் ஆளிடம், கை நிற்காமல்.

இதற்கு என்ன தண்டனை கொடுப்பது? கொழுந்து பறிக்கிற பெண்ணைக் கொழுந்து பறித்ததற்காகத் தண்டிக்க எந்தத் துரைக்கும் சட்டமில்லை. ஆண்களைக் கூப்பிட்டார்கள். அவர்களும் தங்கராசுவோடு ஆடியவர்கள், தலையைச் சொறிந்துகொண்டு நழுவினார்கள். முதல் ஆட்டத்துக்கு வந்த பக்கத்து எஸ்டேட்டுக்காரர்கள் புல்லைப் பார்த்து, "என்ன, மாடு மேய்க்கவா வந்தோம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். கிளப்பில் துரையின் தலை எப்படிக் குனிந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்த சமையல்காரர் வந்து நடித்துக் காட்டினார். டாக்டர் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த வாரமே தங்கராசுவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. பஞ்சு வெட்டுவது, கட்டுத் துணி சுருட்டுவது, மருந்துக் குப்பிகளைக் கழுவுவது. பெண்களும் புல் பறிக்க மைதானத்தில் இறங்கினார்கள். நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒடிந்த காலுக்கு உரியதைக் கடைசிவரை கொடுக்கவில்லை. 'இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காலை ஒடித்துக்கொண்டு கேடயம் வாங்கிக் கொடுத்தவருக்கு இரக்கம் காட்டினார்களாம்! அதைவிட, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மைதானத்துக் கூச்சல் ஜன்னல் வழியாக வரும்போது அந்த மனிதர் தலையைத் தூக்காமல் துணி சுருட்டுவாரே, அதைத்தான் என்னால் பார்க்க முடியாது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டால், "இருக்கட்டும் நர்சம்மா. சத்தத்த வச்சே பந்து எந்தப் பக்கம்னு தெரியும்" என்பார்.

விளையாட்டுக்காரர்களைக் கோடிகளில் ஏலம் எடுக்கும் செய்தியைக் காலையில் பேப்பரில் பார்க்கிறேன். அவர்கள் வாங்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. உடம்பு இருக்கும் வரைதானே அந்தப் பிழைப்பு? என் கோபமெல்லாம் நம்மீதுதான். காசு கொட்டுகிற இடத்தில் அதைத் தொழில் என்கிறோம். காசில்லாத இடத்தில் அதே வியர்வையைப் பொழுதுபோக்கு என்கிறோம். கை தட்டும்போது 'நம்ம ஆள்', விழுந்துவிட்டால் 'அவன் ஆசைக்கு ஆடினான்'.

கல்யாணமாகி நான் மலையை விட்டு இறங்கிய பிறகு தங்கராசு அதிக நாள் உயிரோடு இல்லை. செல்லக்கனி கடைசிவரை கொழுந்து பறித்தாள். வேலைக்கு வயது முடிந்ததும் எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. மகளோடு போடிக்கு இறங்கிவிட்டாள் என்று கேள்வி. அதற்குப் பிறகு தகவல் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு குடும்பத்தோடு மூணாறு போனபோது, பழைய எஸ்டேட்டைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் கூரை இல்லாத சுவர். மைதானத்தைக் கெட்டியாகத் தளம் போட்டுச் சுற்றுலா வண்டிகள் நிறுத்தும் இடமாக்கியிருக்கிறார்கள். பெண்கள் ஏறி நின்ற சரிவில் கண்ணாடி ஜன்னல் வைத்த விடுதி. தங்கராசு ஓடிய இடது ஓரத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து அங்கே போய் நின்றேன்.

"அம்மா, வண்டி பின்னால வருது, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றார் ஒரு டிரைவர்.

"இங்கே ஒரு கிரவுண்டு இருந்தது, தெரியுமா?" என்று கேட்டேன்.

"நான் வந்ததுலேர்ந்து பார்க்கிங்தாம்மா" என்றார் அவர். குற்றம் சொல்ல முடியாது, சின்ன வயதுதான். நான் ஒதுங்கிக்கொண்டேன். வண்டி பின்னால் வந்து, அந்த இடத்தில் கச்சிதமாக நின்றது.