திவச நாளில் ஒரு சர்க்கரை மாத்திரை

மூன்று வருடம் முன்பு, கர்க்கடகம் என்று இங்கே சொல்கிற ஆடி மாதத்து விடாத மழையில், திருவனந்தபுரம் கரமனையில் என் புகுந்த வீட்டில் நடந்தது இது. அன்று என் மாமனாருடைய அப்பாவுக்குத் திவசம். நான் ஒரு நர்சிங் கல்லூரியில் முதல் வருடப் பெண்களுக்கு மனித உடம்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். எலும்பு, தசை, இதயம், மூளை என்று எல்லாம் அடிப்படைதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்த அடிப்படையைக்கூடச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரிந்தது.

மாமனாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, சற்று நேரத்தில் இட்லி. இதில் ஒருநாளும் பிசகு வராது. திவசத்தன்று மட்டும் அவருக்கு விரதம். முன்னோர்களின் இடத்தில் உட்கார்த்தி வைத்த பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, பிண்டம் வைத்து முடிக்கும்வரை காப்பிகூடத் தொட மாட்டார். முந்தின இரவும் சாதம் கிடையாது.

எனக்கு அன்று காலை ஒரு வகுப்பு இருந்தது. முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது சடங்கு பாதி நடந்திருந்தது. வெளியிலிருந்து வந்தவள் என்பதால் நான் மடி இல்லை. குளித்து, தனியாக உலர்த்திய துணியைக் கட்டிக்கொண்டு யார் மேலும் படாமல் இருப்பவர்களே மடி. நான் கூடத்துக்குள் வரக்கூடாது, சடங்கு செய்கிற மாமனார் மேல் என் நிழல்கூடப் படக்கூடாது. நடையில் சுவரோடு ஒட்டி நின்றேன்.

அங்கிருந்து பார்த்தபோதே எனக்குப் பகீரென்றது. வெளியே கொட்டுகிற மழை, குளிர்ந்த காற்று. அவர் முதுகிலோ வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. கை நடுங்கி எள்ளெல்லாம் இலைக்கு வெளியே விழுந்தது. வருடா வருடம் சொல்கிற மந்திரம் வாயில் குழறியது. யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், மந்திரம் எடுத்துக் கொடுக்கிற வாத்தியாரைப் பார்த்துத் திடீரென்று கத்தினார்.

பக்கத்தில் வந்த மாமியாரிடம், காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்டேன்.

"போடாமயா? நானாக்கும் எடுத்துக் குடுத்தேன். மாத்திரை ஆகாரத்துல சேத்தியோ?" என்றார் பெருமையாக.

விரதமும் கெடக்கூடாது, டாக்டர் பேச்சும் தவறக்கூடாது. என்ன சாமர்த்தியம்! வயிற்றில் ஒரு பருக்கை இல்லாதபோது அந்த மாத்திரை இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் ரத்தத்திலிருந்து இறக்கிவிடும். இறங்கினால் முதலில் தவிப்பது மூளை. என் மாணவிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

"அம்மா, அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கறது. ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில போடச் சொல்லுங்கோ."

"ப்ராமணாள் இன்னும் கை நனைக்கலை. அதுக்குள்ள அவர் வாயில வைக்கறதாவது! ஒண்ணும் ஆகாது, நீ பேடிக்காதே."

அலமாரியிலிருந்து சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்து வந்தேன். ஒரு சொட்டு ரத்தம் போதும் என்று கெஞ்சினேன். திவசத்தன்று வீட்டில் ரத்தமா என்று மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். என் கணவர் மடியாக அவருடைய அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு இலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்போது மாமனார் "அப்பா, அப்பா" என்று முனகி அழ ஆரம்பித்தார். கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பித்ருக்கள் வந்துட்டா! பாத்தேளா, பித்ருக்கள் வந்துட்டா!"

முன்னோர்களே வந்து இறங்கிவிட்டதாக வாத்தியாரும் நம்பினார் போலிருக்கிறது, மந்திரத்தை இன்னும் உரக்கச் சொன்னார். கூடத்தில் அத்தனை பேரும் கை கூப்பி நிற்க, மாமனார் மெதுவாகச் சுவரில் சரிந்தார்.

நான் மடியைப் பார்க்காமல் கூடத்துக்குள் போய்விட்டேன். இலைக்குப் பக்கத்தில் சடங்குக்கு வைத்திருந்த தேன் கிண்ணம் இருந்தது. அதை எடுத்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் தொட்டுத் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவினேன். மாமியார் போட்ட சத்தத்தில் தெருவே வந்திருக்க வேண்டும், மழையால் யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கண் என் முகத்தில் வந்து நின்றது. என்ன ஆச்சு என்று கேட்டார். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இன்னும் தாமதித்திருந்தால் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டாமா என்று கடிந்துகொண்டார்.

வீட்டில் திவசம் தீட்டுப்பட்டுவிட்டது என்று தீர்ப்பாகியிருந்தது. வந்தவர்கள் சாப்பிடாமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்களாம். இன்னொரு நாள் பார்த்து முதலிலிருந்து செய்ய வேண்டுமாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மாமனாருக்குத் தெளிவு வந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நல்ல வார்த்தையாக இருக்கும் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன்.

"எங்கப்பா ஆத்துக்கு வந்து பட்டினியா திரும்பிப் போயிட்டார். ஒன்னாலயாக்கும்."

அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வராந்தாவில் என் கணவர் வந்து, நீ செய்தது சரிதான், ஆனாலும் அம்மாவிடம் ஒரு மன்னிப்பு கேட்டுவிடு என்றார். நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு எனக்குச் சோறு உண்டு, பேச்சு குறைவு.

இப்போதெல்லாம் திவசத்தன்று நான் ஆரியசாலையில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். அது யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. அன்று மாமனார் மாத்திரை போடுவதில்லையாம். டாக்டர் சொல்லிவிட்டாராம், டாக்டர் சொன்னால் கேட்க வேண்டுமாம்.

யாரிடமும் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. தேன் பட்டதும் அவருடைய நாக்கு என் விரலைத் தேடி வந்தது. மடியா, தீட்டா, மருமகளா என்று அது கேட்கவில்லை, பசித்த குழந்தை மாதிரி இன்னும் இன்னும் என்று கேட்டது. அந்த உடம்பு பிழைக்கத்தான் ஆசைப்பட்டது என்பதற்கு நான் ஒருத்தியே சாட்சி, அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் மட்டும் அதற்காக என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.