தலைப்பில் சிலேடை வைக்கப்போய்

சிறுவர் படப் புத்தகத்தில் கதையைவிடத் தலைப்புதான் ஆளைக் கொல்லும். ஒரே சொல்லில் இரண்டு அர்த்தம் வைத்து, தானே ரசித்து, பிறகு நாலு பேர் முன்னால் முழித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மழையைக் காணோம்

என் முதல் புத்தகம் ‘மலை மேல மழை’. கோலாலம்பூருக்கு வடக்கே எங்கள் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். புத்தகத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஆசிரியை தலைப்பைச் சொல்லி, பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னார். எல்லாரும் ஒரு மலை போட்டு, அதன் தலையில் இன்னொரு மலையை ஏற்றி வைத்திருந்தார்கள். மழை எங்கே என்று ஆசிரியையிடம் மெதுவாகக் கேட்டேன்.

“எழுதுனதத்தான் படிச்சேன்க்கா. எங்க வாயில ரெண்டும் ஒண்ணுதான் லா.”

திருத்தம்

அடுத்தது, நீளமான உறிஞ்சுகுழலோடு அலையும் எலியின் கதை. பெயர் ‘ஸ்ட்ரா பெரிசு’. கியா பார்ம் சந்தையில் தெரிந்தவர் கடையில், ஸ்ட்ராபெரிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். ரசிக்கிறார் என்று பூரித்துப்போய்க் கிட்டே போனேன். கையில் பேனா. ஒவ்வொரு அட்டையிலும் ‘சு’வை அடித்து, ‘ஸ்ட்ராபெரி’ ஆக்கியிருந்தார்.

“அச்சுக்காரன் கவனிக்கல போல. நீ கவலப்படாதம்மா, எல்லாத்தையும் திருத்திட்டேன்.”

அணை

இதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. ‘அணை அணைக்குது’ என்று ஒரு புத்தகம் போட்டேன். அணைக்கட்டு ஒரு அம்மா. ஏரித் தண்ணீரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருப்பாள். அதை, எங்கள் அணைக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் லெம்பா பெர்த்தாமுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் தலைப்பை மறுபடியும் சொல்லி, பெற்றோர்களையும் கூடவே சொல்ல வைத்தேன். பின்வரிசை வாய் திறக்கவில்லை.

முடிந்ததும் பரிமளா என்பவர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர். அணையைத் திறந்துவிட்டுத் தண்ணீரும் சேறும் சேர்ந்து வந்த வருஷம், மகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நின்றாராம். கோபமே இல்லாமல் சொன்னார். நான் பக்கத்து ஊர், ரிங்லெட்காரி. அந்தச் சேறு வடிந்த பிறகு இதே பள்ளத்தாக்கைப் பார்த்தவள். எனக்குத் தெரியாமல் இல்லை. சொல் அழகாக விழுந்த மயக்கத்தில் நினைக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, அட்டைப்படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எங்களையும் ஒரு தடவ அணைச்சுச்சுக்கா. கழுத்து வரைக்கும்.”

அந்தப் புத்தகத்தை அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது எழுதியிருக்கும் நாய்க்குட்டிக் கதைக்கு ‘நாய்க்குட்டி’ என்றே பெயர் வைத்துவிட்டு, அதிலும் வேறு அர்த்தம் எதுவும் இருந்து தொலைக்கக் கூடாதே என்று பயந்துகொண்டிருக்கிறேன்.