பையில் இருந்த பம்ப்

நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் ஸ்டேஷன் வரை சைக்கிளில் போய், அதை அங்கே நிறுத்திவிட்டு, ரயிலேறித் திண்டிவனத்துக்குச் சமையல் வேலைக்குப் போகிறேன். சைக்கிளோடு விட்டால் களவு போகும் என்று காற்றடிக்கும் பம்பை மட்டும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வேன்.

அன்று என்னோடு வேலை செய்யும் செல்வி பக்கத்தில் இருந்தாள். விக்கிரவாண்டியில் அவள் புருஷன் ஏறினான்.

“எனக்குத் தெரியாம வேலைக்குப் போய்க்கினு இருக்கியா?” என்று முடியைப் பிடித்து, அவள் தலையை ஜன்னல் கம்பியில் மோதினான். ரத்தம் என் புடவையில் தெறித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

“உடுப்பா, செத்துடுவா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“கெழவி, வாய மூடிக்கினு குந்து,” என்று அவள் கழுத்தை நெரித்தான். அவள் கண் செருகியது.

பம்பை எடுத்து அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. செல்விக்கு மூச்சு வந்தது. அவன் அலறிக்கொண்டே மயிலத்தில் இறங்கி ஓடினான்.

ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசுகிறவள் நான். அந்தப் பம்ப் வளைந்துபோய் இப்போது காற்றடிப்பதில்லை. ஒரே அடிதான் அடித்ததாக என் ஞாபகம்.

“மூணு அடி ஆயா. அவன் கைய எடுத்த பொறவும் அடிச்ச,” என்கிறாள் செல்வி.

அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.