பெயரில்லாத பாம்பு

தன்னாமுனை வாவியில், என் வலையில் செத்துவரும் பாம்புகளை வாங்க ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வருவார். விடியற்பனிக்குள் முழங்கால் நீரில் நடந்துவந்து தோணியில் ஏறுவார். மூக்குக்கண்ணாடி நனைந்திருக்கும். ஊசிமுனையால் வயிற்றுச் செதில்களை உதடசைய எண்ணுவார். யாராவது பேசினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

ஒருநாள் ஒரு பாம்பின் செதில்களை மூன்று தரம் எண்ணிவிட்டு, “இதை நீங்க என்னெண்டு சொல்லுவீங்க, அண்ணன்?” என்றார்.

“தண்ணியில நிண்டு நாங்க அதுட பேர் சொல்லுறல்ல, மிஸ்.”

“என்னாலயும் ஏலா. செதில் பழைய இனம் எண்டுது. இதே மாதிரி போனமுறை கொண்டுபோனதுட மரபணு புது இனம் எண்டுது. இதுக்கு இன்னும் பேரே இல்ல.”

தோணி அசைய, இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெயர் வைத்துவிட்டாராம் என்று பிறகு கரையில் சொன்னார்கள். என்ன பெயரென்று நான் கேட்கவில்லை. தெரிந்தால், வாவியில் வாய்தவறி வந்துவிடும்.