தம்பி அர்த்தம் கேட்ட சொல்

நான் மட்டக்களப்பில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். யாராவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அதன் பிறப்பு வளர்ப்பு எல்லாம் சொல்லாமல் விடமாட்டேன். வீட்டில் என்னை டிக்‌ஷனரி என்று நக்கலடிப்பார்கள். அந்த நக்கல் எனக்குப் பிடிக்கும். அதுதான் வினை.

போன வருடம் தம்பி தாய்லாந்துக்குக் கணினி வேலை என்று போனான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். எங்கள் ஊரான பழுகாமத்தில் அம்மாவின் வீடு மூத்தவளான எனக்கு வந்துவிட்டது. தங்கச்சியின் வீடு அத்திவாரத்தோடு நின்றது. அவளுக்குப் பேசியிருந்தது அம்மாவின் அண்ணன், எங்கள் மாமாவின் மகனை. வீட்டைக் கட்டி முடிப்பது தம்பியின் பொறுப்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

போன கையோடு எனக்கு ஃபோனில் ஆங்கிலச் சொற்களாகக் கேட்டு அனுப்பத் தொடங்கினான். எல்லாம் பேச்சுவழக்கு; செல்லம் கொஞ்சுவதற்கும் காசைப் பற்றிக் கதைப்பதற்குமான சொற்கள். புத்தகத்தோடு என்னைக் கண்டாலே ஒளிந்தவன் இப்போதாவது படிக்கிறானே என்று பூரித்துப் போனேன். எதற்கு இந்தச் சொற்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் 'மார்க்' என்றால் என்ன என்று கேட்டான். சோதனைப் புள்ளி, அடையாளம் எல்லாம் தெரியும், இங்கே ஆட்களை அப்படிச் சொல்கிறார்கள் என்றான். இடைவேளை முழுக்க எழுதினேன். ஏமாற்றுக்காரர் பொறுக்கி வைத்திருக்கும் ஆளுக்கு அந்தப் பெயர். அமெரிக்காவின் பழைய களியாட்டச் சந்தைகளில் சூதாட்டக் கடைக்காரர், எளிதில் ஏமாறுகிறவனின் முதுகில் தட்டிக்கொடுப்பதுபோல் வெள்ளைச் சோக்குத் தூளைப் பூசி அனுப்புவார்களாம். அடுத்த கடைக்காரன் அதைக் கண்டு அவனை அன்பாகக் கூப்பிடுவானாம். அது பிறகு கட்டிய கதை, கள்ளர் பாஷையில் அந்தச் சொல் முன்பே இருந்தது என்பாரும் உண்டு. எந்தத் தாய்வழிக் குடியின் மாடு என்று தெரிய எங்கள் ஆட்கள் மாட்டுக்குச் சுடும் குடிக்குறியையும் நான் விடவில்லை. அது காணாமல் போன மாடு வீடு திரும்புவதற்கு, இது ஆள் திரும்பாமல் இருப்பதற்கு என்று எழுதி, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவன் ஒரு வரிதான் அனுப்பினான்.

"முதுகில பூசினா அவனுக்குத் தெரியாதுதானே, அக்கா?"

தெரியாது என்று எழுதிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

பத்து நாள் சத்தமில்லை. பிறகு அம்மாவுக்கு அழைத்தான். கம்பனியில் இன்னொரு இடம் இருக்கிறது, டிக்கெட் அவர்களே போடுகிறார்கள், மச்சானை அனுப்புங்கள் என்றான். இரண்டு பேர் உழைத்தால் ஆவணிக்குள் கூரை போடலாமாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சியைக் கட்டப்போகும் அந்த மச்சானும் பாஸ்போர்ட்டோடு தயாராகிவிட்டார். பக்கத்தில் நின்று கேட்ட எனக்கு மட்டும், தம்பி மூச்சு விடாமல் ஒப்பித்த அந்தப் பேச்சு யாரோ எழுதிக் கொடுத்ததுபோல் பட்டது.

உண்மையைச் சொல் என்று அவனுக்குத் தனியே எழுதினேன். மறுநாள் பதில் வந்தது.

"அடிக்கிறாங்க அக்கா. ஆக்களை ஏமாத்திற வேலை. எனக்குப் பதிலா ஒரு ஆள் வந்தா என்னை விடுறதாச் சொல்றாங்க."

அன்று பின்னேரமே மச்சான் பயணம் சொல்ல வந்தார். வாசல் படலையடியில் மறித்து அந்தச் செய்தியைக் காட்டினேன். "போகாதீங்க மச்சான்" என்றேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவர் வரமாட்டார் என்று தம்பிக்கு நான்தான் எழுதினேன். அவன் வாசித்துவிட்டது தெரிந்தது. அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதுவும் போய்ச் சேரவில்லை. பொலிஸ், வெளிநாட்டு வேலைவாய்ப்பு என்று ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் முறைப்பாட்டை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டார்.

"அண்ணன்ட புள்ளையக் காப்பாத்த என்ட புள்ளையக் குடுத்தியா?"

ஓம் என்றேன்.