வடிவாம்பாள் தையலகத்தின் காய்ச்சல் திட்டம்

கருக்களாச்சேரியில் வைத்திருந்த இரண்டு தையல் மெஷின்களையும் சுனாமி கொண்டுபோன பிறகு வடிவாம்பாளுக்கு ஒரு குணம் வந்துவிட்டது. எது வருவதாகக் கேள்விப்பட்டாலும், அது வருவதற்கு முன்பே தயாராகிவிட வேண்டும். கோட்டுச்சேரிக்குக் குடிவந்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து எட்டு மெஷின் போட்ட பிறகும் அந்தக் குணம் போகவில்லை. ஐப்பசி மழைக்கு ஆனியிலேயே தார்ப்பாய் வாங்கிவிடுவார்.

2009 ஆகஸ்டில் டி.வி.யைத் திறந்தால் பன்றிக்காய்ச்சல். வடிவாம்பாள் நேரே கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் நடத்திய கமர் நிஷாவிடம் போனார்.

"நம்மள மாதிரி தொழில் பண்றவங்க என்ன செய்யணும்னு அதுல போட்டிருக்கானாம்மா?"

போட்டிருந்தது. ஏதோ வெளிநாட்டு வலைத்தளத்தில், தொழில் நடத்துபவர்களுக்கென்றே பதினான்கு பக்கம். நிஷா படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"வெளிநாட்டுப் பயணத்தத் தள்ளிப்போடணுமாங்க்கா."

"நான் திருநள்ளாறு போயே ஒரு வருசம் ஆவுது. அடுத்தத சொல்லு."

மறுநாளே திட்டம் அமலுக்கு வந்தது. வாசலில் சோப்பும் வாளியும். மெஷினுக்கு மெஷின் ஆறடி இடைவெளி. அறை போதாமல் இரண்டு மெஷின்கள் தெருவோரம் வந்துவிட்டன. அதுவரை காதோடு காதாகப் பேசிவந்த பெண்கள் இப்போது கத்திப் பேச வேண்டியிருந்தது. அவர்களில் அமுதம் தன் நாத்தனாரைப் பற்றிச் சொன்னது பதினோரு மணிக்குள் பஸ் ஸ்டாப் வரை போய், பன்னிரண்டு மணிக்கு நாத்தனாரே சண்டைக்கு வந்து நின்றாள்.

அதையாவது சமாளிக்கலாம். சிக்கல் ஏழாம் பக்கத்தில் இருந்தது. ஒருவர் வராவிட்டால் அவர் வேலையைச் செய்ய இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். சட்டையில் பட்டன் நுழையும் காஜா போடும் மெஷினை ஓட்டத் தெரிந்தவர் தெட்சிணாமூர்த்தி ஒருவர்தான். யாராவது பக்கத்தில் வந்தாலே அதைத் துண்டால் மூடிவிடுவார்.

"அண்ணே, அமுதத்துக்குக் காஜா போடக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

"எதுக்குங்க?"

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா..."

"எனக்கு என்ன ஆவப்போவுது? ஆள மாத்தணும்னா நேரா சொல்லிடுங்கம்மா." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் ஊரான பூவத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

சுதந்திர தினத்துக்கு இன்னும் ஆறு நாள். அணிவகுப்புக்காக ஒரு பள்ளிக்கூடம் கேட்ட நூற்றிருபது சட்டைகள் காஜா இல்லாமல் கிடந்தன. காய்ச்சல் வருவதற்குள் கோபம் வந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது. வடிவாம்பாள் மறுபடி நிஷாவிடம் ஓடினார்.

"கோவிச்சுக்கிட்டுப் போனா என்ன செய்யணும்னு போட்டிருக்கா?"

நிஷா தேடினாள். "பயப்படுறவங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும்னு இருக்குக்கா."

பூவத்துக்கு பஸ்ஸில் போகும்போதுதான் வடிவாம்பாளுக்கு உறைத்தது. துணி வெட்டும் கத்தரியைத் தானும் இத்தனை வருடம் யாரையும் தொட விட்டதில்லை.

"அண்ணே, உங்களுக்கு மட்டும் இல்ல, நான் படுத்தாலும் கடை படுத்துடும்," என்றார் தெட்சிணாமூர்த்தியிடம். "அமுதத்துக்கு நீங்க காஜா சொல்லிக் குடுங்க. உங்களுக்கு நான் வெட்டச் சொல்லித் தர்றேன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "கத்தரிய என் கையில குடுப்பீங்களா?" என்றார்.

"குடுப்பேன்."

மறுநாளே தையலகத்தில் வைத்துக் கொடுத்தார். தெட்சிணாமூர்த்தி வெட்டிய முதல் சட்டையில் இரண்டு கையும் இடக்கை. வடிவாம்பாள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு துணியை எடுத்து வைத்தார். அமுதம் போட்ட முதல் காஜாவிலோ பட்டன் நிற்காமல் நழுவியது. அதைப் பார்த்த தெட்சிணாமூர்த்தி, "பரவாயில்லம்மா, போகப் போக வந்துடும்," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அந்தத் தையலகம் அதுவரை கேட்டதில்லை.

பதினான்காம் தேதி சாயங்காலம் நூற்றிருபது சட்டைகளும் போய்ச் சேர்ந்தன. தையலகத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அமுதத்தின் நாத்தனார் மட்டும் இன்னும் பேசவில்லை.